விழுப்புரத்துக்கு அப்பால்

எண்பத்துமூன்றாம் வருஷம் எங்கள் காலனியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்களுக்கு ஒலக்கூர் பக்கத்தில் ஒரு பெயர் கிடைத்தது. 'விழுப்புரம் பார்ட்டி.' கிளம்பினவர்களில் முக்கால்வாசிப் பேர் விழுப்புரத்தைத் தாண்டவில்லை. காலெல்லாம் கொப்புளம், வயிற்றுப்போக்கு, ஜுரம். விழுப்புரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்து, பாசஞ்சர் வண்டி ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கப்புறம் டீக்கடையில் எங்கள் ஆள் யாராவது போய் உட்கார்ந்தால் போதும். "இன்னா, விழுப்புரம் மாதா சொகமா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

அந்த நடைக்குத் தலைவர் என் அண்ணன் சவுரிராயன். அவரும் இன்னும் நாலு பேரும் மட்டும் வேளாங்கண்ணி வரைக்கும் போய்க் கடலில் குளித்துவிட்டு வந்தார்கள். அண்ணன் நெட்டை ஆள். மூட்டை தூக்கி இறுகிய உடம்பு. கொடியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் வீசி நடந்தால் பின்னால் வருகிறவன் ஓட வேண்டியிருக்கும். "மனசு இருந்தா நடக்கலாம். அவனுங்களுக்கு மனசு இல்ல" என்று அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி லூர்துமேரி அந்த வருஷம் நடக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான். கொடுக்கும்போதே ஒவ்வொருத்தரையும் துருவித் துருவிக் கேட்டாள். எந்த ஊரில் வெயில் ஏறியது? அப்போது நின்றீர்களா, நடந்தீர்களா? எங்கே சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்? தண்ணீர் எந்தக் கிணற்றில் குடித்தீர்கள்? கால் முதலில் எங்கே எரிந்தது, குதிகாலிலா விரலிலா? நோயாளிகளே சலித்துப்போனார்கள். "ஏன்க்கா, டாக்டருக்குப் படிக்கப் போறியா?" என்று அப்பாதுரை கேட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் ரயில் ஏறியவன் அவன்.

லூர்துமேரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் நடவுக்கு ஆள் வேண்டும் என்றால் அவளிடம்தான் சொல்வார்கள். இருபது இருபத்தைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போவாள். குரல் பெரிசு. அடக்கம் என்ற பேச்சே கிடையாது. "நான் எறங்கினா சாயங்காலத்துக்குள்ள முடியாத கழனி இந்தப் பக்கத்துல இல்ல" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அது உண்மையும்கூட. நான் திண்டிவனம் வேர்க்கடலை மண்டியில், எங்கள் பேச்சில் மல்லாட்டை மண்டியில், மூன்று சக்கர வண்டி மிதிக்கிறவன், மாசிலாமணி. வீட்டில் அவள் பேசுவாள், நான் கேட்பேன். எங்களுக்கு அது சரியாகவே இருந்தது.

அடுத்த வருஷம் ஈஸ்டர் பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது அண்ணன் இந்த வருஷ நடைக்குப் பெயர் கேட்டார். யாரும் பெயர் கொடுக்கவில்லை. காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். லூர்துமேரிதான் முன்னால் வந்தாள்.

"மாமா, நான் வர்றேன். பொம்பளைங்களையும் இட்டாறேன். ஆனா சோத்தையும் நடையையும் என் கையில உட்டுடணும்."

"சோறு சரி, பாத்துக்கோ. நடைய இன்னாத்துக்கு நீ பாக்கணும்?"

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா. எங்க நிக்கணும்னு தெரிஞ்சாத்தானே எங்க ஒல வெக்கலாம்னு தெரியும்?"

அண்ணன் சிரித்தார். "மாதா வழி காட்டுவா. பயந்துக்கினே போனா போய்ச் சேர மாட்டோம்."

"மாதா வழி காட்டட்டும். ஒல நான் வெக்கிறேன்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கே பாதிப் பேர் பெயர் கொடுத்தார்கள்.

மறுநாளிலிருந்து காலனியில் நடைக்கு வருகிற ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனிப் பானையில் போட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கேப்பை விளைந்த வீட்டில் கேப்பை. ஆவணி வருவதற்குள் எங்கள் வீட்டில் படுக்க இடமில்லாமல் மூட்டை சேர்ந்துபோனது.

அதை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் வழி என்று நான் நினைத்தேன். அவள் வேறு மாதிரி யோசித்தாள். எங்கள் காலனியிலிருந்து கல்யாணமாகிப் போன பெண்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விரல் விட்டுச் சொன்னாள். கூட்டேரிப்பட்டில் அவள் தங்கை சவுரியம்மாள். விழுப்புரம் ரயில்வே லைன் பக்கத்தில் ராஜாமணி. பண்ருட்டியில் ஒருத்தி, வடலூருக்குப் பக்கத்தில் ஒருத்தி, சிதம்பரத்தில் எங்கள் ஒன்றுவிட்ட சித்தி. எல்லாம் போகிற வழியில்.

"இவங்க வூட்ல எல்லாம் முன்னாடியே அரிசிய எறக்கிடலாம். அதுவரைக்கும் உன் வண்டி லேசா இருக்கும். கொள்ளிடத்துக்கு அப்பால நமக்குப் பொண்ணு குடுத்தவங்களும் இல்ல, எடுத்தவங்களும் இல்ல. அங்கதான் வண்டி நெறையணும்" என்றாள்.

அப்புறம் நடவு இல்லாத நாளெல்லாம் பஸ் ஏறினாள். மடியில் ஒரு சாக்கு, இடுப்பில் ஒரு சாக்கு. கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே பண்ருட்டி, சிதம்பரம் வரை போய்விட்டு இருட்டினதும் வருவாள். போன இடத்திலெல்லாம் அரிசியை இறக்கியது மட்டுமல்ல, கிணறு எங்கே, நிழல் எங்கே, பெண்கள் ஒதுங்க இடம் எங்கே என்பதையும் பார்த்துவிட்டு வந்தாள். நான் ஒரு தடவை கூடப் போனேன். கூட்டேரிப்பட்டில் சவுரியம்மாள் அரிசிச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, பொறந்த ஊரே எங்கூட்டு வாசலுக்கு வரப்போவுதா?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது செண்பகம் வந்து நின்றாள். திண்டிவனத்தில் தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிற பெண். சின்ன வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. கையால் தொடையை ஊன்றி ஊன்றி நடப்பாள். போன வருஷம் அண்ணன் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அக்கா, நானும் வரட்டுமா? முடியாத எடத்துல வண்டியில குந்திக்கிறேன்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

லூர்துமேரி அவளைத் தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்பி வரச் சொன்னாள். அவள் நடக்கிறதைக் கண் எடுக்காமல் பார்த்தாள்.

"வண்டியில எடமில்ல. நீ நடந்துதான் வர்ற. முன்னாடி நீதான் நடக்குற" என்றாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏம்மா லூர்து, பேஜாரு பண்றியே. அந்தப் பொண்ணு முன்னால நடந்தா நாம கிறிஸ்துமஸுக்குத்தான் போய்ச் சேருவோம்."

"நடவுல இன்னா மாமா பண்றோம்? பின்னுக்கு நவுந்துக்கினேதானே நடுறோம். கை வேகமா இருக்கிறவ தனியா பின்னால போய்ட்டா வரிசை கோணிக்கும். அவ போன எடமும் வீணு, மத்தவங்க நட்டதும் வீணு. மெதுவா நடுறவளுக்குத் தக்கனதான் வரிசை நவுரும். பொழுது சாயறதுக்குள்ள கழனி முடியுதா இல்லியா?"

"இது கழனி இல்ல, ரோடு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆவணி மாதத்தில், விடிவதற்கு முன்னால் கோயில் மணி அடித்துக் கிளம்பினோம். நாற்பது பேருக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் காவித் துணி. ஒவ்வொருவர் தோளிலும் லூர்துமேரி கொடுத்த துணிப் பை. அதில் வறுத்த மல்லாட்டை, வெல்லம், ஒரு பொட்டலம் உப்பு. நிற்கிற இடத்திலெல்லாம், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு கை மல்லாட்டையும் ஒரு கடி வெல்லமும் தின்றே ஆக வேண்டும். அது அவள் சட்டம். "பசிக்கலியே" என்று சொன்னவர்களை விடமாட்டாள். "பசிச்ச அப்புறம் தின்னா காலுக்குப் போய்ச் சேர நேரமாவும். வாயத் தொற."

செண்பகம் முன்னால் ஊன்றி ஊன்றி நடந்தாள். அவளுக்குப் பின்னால் கொடியோடு அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு. திண்டிவனம் டவுனுக்குள் போகும்போது கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு யாத்திரைக் கூட்டம் மேளத்தோடு எங்களைத் தாண்டிப் போயிற்று. அதில் ஒருத்தன் திரும்பிப் பார்த்து, "அடுத்த வருஷத் திருவிழாவுக்கா போறீங்க?" என்று கேட்டான். எங்கள் பையன்கள் முகம் சுருங்கிப்போயிற்று. லூர்துமேரி மட்டும் சத்தமாகச் சொன்னாள். "நீங்க போங்கப்பா, நாங்க எல்லாருமா வர்றோம்."

வெயில் ஏறியதும் ஒரு புளியந்தோப்பில் நிறுத்திச் சோறு போட்டாள். எல்லோரும் கட்டாயம் தூங்க வேண்டும். காலைக் கழுவி, விளக்கெண்ணெய் தடவி, வெயில் தாழ்ந்த பிறகுதான் நடை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூட்டேரிப்பட்டு போய்ச் சேர்ந்தோம். சவுரியம்மாளும் அவள் தெருக்காரர்களும் ரோட்டுக்கே வந்து எங்களை அழைத்துப் போனார்கள். அண்டா நிறையக் கேப்பைக் கூழ், வெங்காயம், சுட்ட கருவாடு. தெருவே கூடி நின்று பரிமாறியது.

மறுநாள் காலையில் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. வாலிபப் பையன்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டார். "நாங்க முன்னாடி போய்க்கினு இருக்கோம். விக்கிரவாண்டியில பாத்துக்கலாம்" என்றார். லூர்துமேரி தடுக்கவில்லை. ஒவ்வொருத்தன் பையையும் தொட்டுப் பார்த்து மல்லாட்டையை நிரப்பினாள். "கெணத்துத் தண்ணிய அப்படியே குடிக்காதீங்க. டீக்கடையில காய்ச்சின தண்ணி கேட்டு வாங்குங்க" என்றாள். அவர்கள் வீசி நடந்து கண்ணுக்கு மறைந்தார்கள். அவள் முகம் மட்டும் கொஞ்ச நேரம் சரியில்லை.

விக்கிரவாண்டிக்குப் பாதி வழியில் வானம் திடீரென்று கறுத்தது. நான் வண்டியில் அரிசியும் அண்டாவுமாகக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பகலுக்கு விக்கிரவாண்டியில் உலை வைப்பதாக ஏற்பாடு. பெரிய பெரிய தூறலாக ஆரம்பித்து, மழை ஒரேயடியாகக் கொட்டியது. ரோட்டோரப் பள்ளம் தண்ணீரில் தெரியவில்லை. முன் சக்கரம் இறங்கியது. மடக்கென்று ஒரு சத்தம். ஃபோர்க் முறிந்து வண்டி மூக்கு குத்தி நின்றது. அரிசி மூட்டைமேல் போட்டிருந்த பாய் எங்கேயோ பறந்துபோயிற்று. நான் மூட்டையின் மேல் படுத்துக்கொண்டேன். நனைந்துகொண்டே கிடந்தேன்.

எங்கள் கூட்டம் வந்து சேர்ந்தபோது எல்லோர் முகத்திலும் ஒரே எண்ணம்தான் தெரிந்தது. போன வருஷம் மாதிரி ஆகப் போகிறது. அப்பாதுரை வாய் விட்டே சொன்னான். "வெளங்கினாப் போலதான்."

லூர்துமேரி மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று முழுக்க நனைந்திருந்தது. எதுவும் சொல்வதற்குள் ரோட்டுக்கு மேற்கே ஒரு களத்திலிருந்து கூச்சல் கேட்டது. ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இரண்டு ஆட்களும் காய வைத்த மல்லாட்டையைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். களம் முழுக்கப் பரப்பின காய். பக்கத்தில் வெல்லம் காய்ச்சுகிற பெரிய கூரைக் கொட்டகை. நாலு பேர் அள்ளி முடிகிற வேலையில்லை அது. மண்டியில் வேலை செய்கிற எனக்குத் தெரியும். காய்ந்த காய் இந்த மழையில் கிடந்தால் பூஞ்சை பிடித்துப்போகும், அப்புறம் யாரும் கையால் தொடமாட்டார்கள்.

லூர்துமேரி தோள் பையைக் கழற்றி வண்டியில் போட்டாள். "வாங்கடி!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். அவளோடு நடவுக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கி ஓடினார்கள். ஆண்களும் பின்னால் போனோம். களத்திலிருந்து கொட்டகை வரை வரிசையாக நிற்க வைத்தாள். அள்ளுகிறவர்கள் அள்ள, கூடை கை மாறிக் கை மாறிப் போயிற்று. கூடை போதாமல் முந்தானையில் அள்ளினார்கள், எங்கள் அண்டாவில் அள்ளினார்கள், என் தலைப்பாகைத் துணியில் கூட அள்ளினார்கள். செண்பகம் கொட்டகைக்குள் உட்கார்ந்து வந்து விழுகிற காயைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள். மழை வலுக்க வலுக்க இவர்கள் சத்தமும் ஏறியது. யாரோ 'மரியே வாழ்க' என்று குரல் கொடுக்க, ஒவ்வொரு கூடைக்கும் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ஒன்றரை நாள் நடந்து வந்த ஆட்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் எங்கள் உடம்பில் அவ்வளவு தெம்பை மிச்சம் வைத்திருந்தாள்.

களம் காலியானதும் பெரியவர் கொட்டகை ஓரத்தில் மூச்சு வாங்க நின்றார். அரங்கநாதன் என்று பெயர். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம்.

"யாரும்மா நீங்கல்லாம்? எந்த ஊரு?"

"ஒலக்கூர் பக்கங்கய்யா. வேளாங்கண்ணிக்கு நடந்து போய்க்கினு இருக்கோம். வண்டி ஒடஞ்சிடுச்சு. உங்க கொட்டாய் அடுப்புல ஒரு ஒல வெச்சுக்கலாமா?"

நாங்கள் எந்தத் தெரு ஆட்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வெல்லக் கொப்பரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

லூர்துமேரி நிமிர்ந்து நின்றாள். "உங்க கொப்பரையத் தொட மாட்டோங்கய்யா. எங்க அண்டா எங்ககிட்ட இருக்குது. கொஞ்சம் கரும்புச் சக்கை குடுத்தீங்கன்னா எரிச்சுக்கிறோம். இல்லன்னா சொல்லிடுங்க, ஈர வெறகுலயும் ஒல வெக்க எனக்குத் தெரியும்."

அவர் மனைவி அம்சா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவள்தான் முன்னால் வந்தாள். "இன்னா யோசன பண்ணிக்கினு நிக்கிறீங்க? இவங்க வரலன்னா இந்நேரம் நம்ம காயெல்லாம் சேறு." போய் ஒரு கட்டுச் சக்கையை இழுத்து வந்து அடுப்பு வாயில் அவளே போட்டாள். பெரியவர் பக்கத்தில் வந்து தீக்குச்சியைக் கிழித்தார்.

நனைந்த மூட்டையை இனி வைத்திருக்க முடியாது. அதையே பிரித்து உலையில் போட்டாள் லூர்துமேரி. ஊறின அரிசி சீக்கிரம் வெந்தது. அம்சா ஒரு குடம் மோர் கொண்டுவந்தாள், உப்பும் பச்சை மிளகாயும் போட்டு. எல்லோரும் ஈரத் துணியோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது ரோட்டில் யாரோ ஓடிவருவது தெரிந்தது. என் அண்ணன்.

விக்கிரவாண்டியில் நின்று நின்று பார்த்திருக்கிறார். வண்டியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அவ்வளவு தூரமும் மழையில் ஓடியே வந்திருக்கிறார். பையன்களும் பின்னாலேயே வந்தார்கள். முறிந்த வண்டியைப் பார்த்ததும் பயந்துபோயிருக்கிறார்கள். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

லூர்துமேரி ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு அவர் கையில் கொடுத்தாள். "குந்துங்க மாமா. முதல்ல சாப்பிடுங்க."

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். பாதியில் சொன்னார். "நான் போயிருக்கக் கூடாது."

"போனது தப்பில்ல மாமா. சும்மா போனீங்க, அதான். நாளையிலேருந்து நீங்களும் இந்தப் பசங்களும் தெனமும் முன்னாடியே போங்க. போற எடத்துல வெறகு சேருங்க, தண்ணி எறச்சு வெய்யிங்க, நெழலா எடம் புடிங்க. நாங்க வந்து சேரும்போது ஒல கொதிச்சுக்கினு இருக்கணும். உங்களாட்டம் காலு எங்க யாருக்கும் இல்ல. அது எனக்கு வேணும்."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பையன்களில் ஒருத்தன் "அப்ப நாங்க மெதுவா நடக்க வேணாமாக்கா?" என்று கேட்டான். கொட்டகையே சிரித்தது.

பெரியவர் கூலி என்ன வேண்டும் என்று கேட்டார். லூர்துமேரி தலையை ஆட்டினாள். "கூலிக்கு வரலங்கய்யா. வழிக்கு மல்லாட்டை குடுத்தீங்கன்னா வாங்கிக்கிறோம்." அவர் ஒரு சாக்கை எடுத்து அவரே அள்ளிப் போட்டார். போதும் போதும் என்றாலும் விடவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். கொள்ளிடத்துக்கு அப்பால் போக வேண்டிய மூட்டை அது.

மழை விட்டதும் அண்ணன் வண்டியின் முன் பக்கத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பையன்கள் பின்னால் தள்ளினார்கள். விக்கிரவாண்டி வெல்டிங் பட்டறை வரைக்கும் அவர் தோள் மாற்றவில்லை. அன்று விழுப்புரம் போக முடியாது என்று ஆனதும் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு நாள் போயிற்றே, திருவிழாவுக்குப் போய்ச் சேருவோமா என்று. "இதுக்குன்னுதான் ஒரு நாள கையில வெச்சிருந்தேன்" என்றாள் லூர்துமேரி. அது எனக்கே அதுவரை தெரியாது.

மறுநாள் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைத் தாண்டி விழுப்புரத்துக்குள் நுழைந்தோம். ராஜாமணி வீட்டிலிருந்து பார்த்தால் ஸ்டேஷன் தெரியும். எங்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பாசஞ்சர் வண்டி வந்து நின்றது. திண்டிவனம் போகிற வண்டி. அப்பாதுரைக்குக் குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. அவன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். லூர்துமேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியைத் தீயில் காட்டிக் கொப்புளத்தைக் குத்தித் தண்ணீரை எடுத்து, வேப்பெண்ணெய் வைத்துப் பழந்துணியால் கட்டினாள்.

"இன்னிக்கு யாரும் வெய்யில்ல நடக்கல. சாயங்காலம் வரைக்கும் தூங்குங்க" என்றாள். வண்டி ஊதிவிட்டுக் கிளம்பிற்று. அப்பாதுரை அது போகிற பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கூழ் ஊத்து ராஜாமணி" என்றான்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். ராஜாமணியின் தெருக்காரர்கள் கூடவே வந்தார்கள். செண்பகம் முன்னால் ஊன்றி ஊன்றி நடக்க, நாங்கள் அத்தனை பேரும் பின்னால். பண்ருட்டி ரோட்டில் ஊர்க் கடைசி வீடு பின்னால் போனபோது யாரோ "தாண்டியாச்சு!" என்று கத்தினார்கள். நடுரோட்டில் நின்று கைதட்டினோம். லாரிக்காரன் ஒருவன் நிறுத்தி, என்ன ஆச்சு என்று கேட்டான். "ஒண்ணும் இல்லண்ணா, விழுப்புரம் முடிஞ்சிடுச்சு" என்றான் அப்பாதுரை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் வழி எங்களுக்குப் பழகிப்போனது. அண்ணன் கூட்டம் விடியுமுன்னே ஓடிவிடும். நாங்கள் போய்ச் சேரும்போது தோப்பு நிழலில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பெண்களுக்கு மறைப்புக் கட்டி, குடங்களில் தண்ணீர் நிரம்பி இருக்கும். நாளாக நாளாக அண்ணன் அதில் ஒரு போட்டியே வைத்துக்கொண்டார். சிதம்பரத்தில் வாழை இலைகூட வாங்கி வைத்திருந்தார். கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது வண்டியில் சிதம்பரத்துச் சித்தி வீட்டு அரிசியும் அரங்கநாதன் கொடுத்த மல்லாட்டையும் நிறைந்திருந்தன. நான் இறங்கித் தள்ள, பத்துக் கை கூடத் தள்ளிற்று. சீர்காழிக்கு அப்பால் ஒரு தோப்பில் மேளத்தோடு போன அந்தச் செங்கல்பட்டுக் கூட்டத்தைப் பார்த்தோம். அதில் பாதிப் பேர் பஸ்ஸில் போய்விட்டார்கள். மீதிப் பேர் பசியோடு படுத்திருந்தார்கள். லூர்துமேரி ஒரு அண்டாச் சோறு அவர்களுக்கும் வடித்தாள். அவர்களைக் கேலியாக ஒரு வார்த்தை பேச எங்கள் பையன்களை விடவில்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் கோயில் கோபுரம் தெரிந்தது. அண்ணன் அன்றைக்கு முன்னால் ஓடவில்லை. எங்களுக்காக ரோட்டில் காத்து நின்றார். கொடியை எடுத்துச் செண்பகத்தின் கையில் கொடுத்தார். ஒரு கையால் தொடையை ஊன்ற வேண்டும், ஒரு கையால் கொடி பிடிக்க வேண்டும். அவளுக்குக் கஷ்டம்தான். அண்ணன் கொடிக்கம்பின் அடியை ஒரு விரலால் தாங்கிக்கொண்டே பக்கத்தில் நடந்தார், அவள் வேகத்துக்கு. அந்த ஜன நெரிசலில் எங்களுக்கு வழி விட்டார்கள்.

கிளம்பின அத்தனை பேரும் போய்ச் சேர்ந்தோம். ஒருத்தர் குறையவில்லை. இரவு கடற்கரை மணலில் உட்கார்ந்திருக்கும்போது, வேறு ஊர்க்காரர்கள் வந்து பேச்சுக் கொடுத்தார்கள். எந்த ஊரு, எப்படி எல்லோரும் இவ்வளவு தெளிவாக வந்து சேர்ந்தீர்கள், யார் உங்கள் தலைவர் என்று. அண்ணன்தான் பதில் சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் காலனிப் பெயரை அந்தக் கடலுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, "அதோ நிக்கிறா பாருங்க, எங்க தம்பி சம்சாரம், லூர்துமேரி. அவளக் கேளுங்க" என்றார்.

அவர்கள் எழுந்து அவளிடம் போனார்கள். அவள் அலையில் கணுக்கால் நனைய நின்று, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய குரலில் ஆரம்பித்தாள். தெரியாததைத் தெரியும் என்று அவள் சொன்னதில்லை, தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னதும் இல்லை. நான் மணலில் சாய்ந்து படுத்துக்கொண்டு கேட்டேன். எத்தனையோ தடவை கேட்ட குரல்தான். அன்றைக்கு அவள் பேசி முடிக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கமே வரவில்லை.